பிடி நழுவுது மாஸ்டர்!

போன இதழ்ல டெட்லிஃப்ட் (தரைல கிடக்கற எடைக் கம்பியை நிமிர்ந்து இடுப்பு வரைக்கும் தூக்கறது) பத்தி ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விகள்ல முக்காவாசி முதுகு பத்தி இருக்கும்னு நெனச்சா எல்லாம் கை, கை, கைதான். சரி, இந்த வாரம் முழுக்க கைக்கே ஒதுக்கிட்டேன். முதுகு கேட்டவங்க கோவிச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுங்க.

மாஸ்டர், வயசு 24. வாரத்துல 5 நாள் ஜிம். டெட்லிஃப்ட் 120 கிலோ வரைக்கும் வந்துட்டேன், முதுகு தாங்குது, கைதான் விட்டுடுது. அதனால ஒரு கிரிப்பர் (கைக்குள்ள வச்சு அமுக்கற ஸ்பிரிங்) வாங்கி தினமும் பஸ்ல போறப்ப 200 தடவை அமுக்கறேன். ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப 110-லயே நழுவுது! என்ன தப்பு பண்றேன்? – வாசகர், திருப்பூர்

தம்பி, கிரிப்பர் மேல தப்பு இல்ல, உன் கணக்குலதான் தப்பு. ஒரு பேப்பர் எடுத்து இந்த வாரம் உன் கை எதையெல்லாம் பிடிச்சுதுன்னு எழுது பாப்போம். டெட்லிஃப்ட், ரோ, புல்-அப், லாட் புல்டவுன், ஷ்ரக், கர்ல், இது போக பைக் கிளட்ச், பஸ்ல நிக்கறப்ப மேல கம்பி. இதெல்லாம் முடிச்ச கையைப் போட்டு நீ வாரத்துக்கு 1400 தடவை தனியா வேற அமுக்கியிருக்க. அதுக்கு ஓய்வுன்னு ஒரு நாள் எங்க இருக்கு சொல்லு?

விஷயம் என்னன்னா, விரலுக்குள்ள மடக்கற தசைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பெரிய தசையெல்லாம் முன்கைல, முழங்கை பக்கமா உக்காந்திருக்கு, அங்கேருந்து நீளமா டெண்டன், அதாவது தசையை எலும்போட கட்டற நார், மணிக்கட்டு வழியா ஓடி விரல் எலும்புல போய் மாட்டியிருக்கு. பொம்மலாட்டத்துல மேலேருந்து நூலை இழுத்தா கீழ பொம்மை கை ஆடுதில்ல, அப்படித்தான். கிரிப்பர் அமுக்கினாலும் சரி, கம்பியைப் பிடிச்சாலும் சரி, இழுக்கறது அதே ஆளுங்கதான். நீ "கிரிப் ட்ரெய்னிங்"னு தனியா ஒரு பேர் வச்சுட்டதால தனி ஆளுங்க வந்து வேலை செய்வாங்கன்னு நெனச்சுட்ட.

டெண்டன் வேற ஒரு மாதிரி. தசைக்குப் போற அளவுக்கு ரத்தம் அதுக்குப் போகாது, அதனால தேறி வர்றதும் மெதுவாதான். கடுமையா வேலை வாங்கின பிறகு முதல் ஒண்ணு ஒண்ணரை நாளைக்கு அங்க கட்டறதைவிட கழியறதுதான் அதிகம், அதுக்கப்புறம்தான் கட்ட ஆரம்பிக்கும். நீ தினமும் போனா எப்பவும் அந்தக் கழியற நேரத்துலயே போய் நிக்கற.

இன்னொண்ணு, 200 தடவை அமுக்க முடியுதுன்னாலே அது உனக்கு லேசான கிரிப்பர். அது தாங்குதிறனுக்கு வேணா உதவும், பலம் ஏறாது. பிடியிலயே நசுக்கற பிடி, தாங்கற பிடி, கட்டைவிரலால கவ்வற பிடின்னு மூணு ஜாதி இருக்கு. கிரிப்பர் நசுக்கறது. டெட்லிஃப்டுக்கு வேண்டியது தாங்கறது. ஒண்ணு ஏறினா இன்னொண்ணு கொஞ்சம் ஏறும், அவ்ளோதான், முழுசா கூட வராது.

இப்ப என்ன பண்ணணும்னா, முதல்ல ரெண்டு வாரம் கிரிப்பரை பீரோல வச்சுப் பூட்டு. 110 திரும்பவும் கைல நிக்குதான்னு பாரு, நிக்கும். அதுக்கப்புறம் டெட்லிஃப்ட் நாள்லயே, எல்லாம் முடிச்சதும் கடைசியா கைக்கு ஒரு 10, 15 நிமிஷம் குடு. கடைசி செட்டோட கடைசி ரெப்ல, அதாவது கடைசித் தடவை தூக்கறப்ப, கம்பியை மேல நிறுத்தி 10 வினாடி பிடி, ரெண்டு வாரத்துல அதை 15 ஆக்கு. கூடவே சொரசொரப்பில்லாத 10 கிலோ பிளேட் ரெண்டை வழவழப்புப் பக்கம் வெளிய வர்ற மாதிரி சேத்துக் கட்டைவிரலால கவ்வித் தூக்கி 3 தடவை நிக்கலாம். முடியலன்னா 5 கிலோ பிளேட்ல ஆரம்பி, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. மூணு நாலு நாள் கழிச்சு ரோ, புல்-அப் நாள் வருமில்ல, அன்னிக்கு சும்மா தொங்கு, இல்லன்னா ரெண்டு கைலயும் டம்பெல்லோட நட. வாரத்துக்கு இந்த ரெண்டு தடவை போதும்.

நெறைய பேர் லெக் டே அன்னிக்கு கை சும்மாதானே இருக்குன்னு அன்னிக்கு கிரிப்பை வைப்பாங்க. நான் அதுக்கு எதிர் கட்சி. கை வேலை செஞ்ச நாள்லயே இன்னும் கொஞ்சம் வேலை வாங்கிட்டு, ஓய்வு நாளை நெஜமாவே ஓய்வா விட்டுடணும். முக்கியமா டெட்லிஃப்டுக்கு முந்தின நாள் கிரிப்பரைத் தொடவே கூடாது.

கை தேறிடுச்சான்னு கண்டுபிடிக்க பெரிய மெஷின் ஒண்ணும் வேணாம். ஜிம்முக்குப் போனதும் வார்ம்-அப் முடிச்சு வாரத்துக்கு ஒரு தடவை கம்பில தொங்கி எத்தனை வினாடின்னு நோட்ல எழுது. வழக்கமா 50 வினாடி தொங்கறவன் திடீர்னு 35-ல விழுந்தா அந்த வாரம் கைக்குன்னு தனியா எதுவும் வேணாம்.

ஸ்ட்ராப் (மணிக்கட்டையும் கம்பியையும் சேத்துச் சுத்தற பட்டை) போட்டா கை சோம்பேறி ஆயிடும்னு ஜிம்ல சீனியர் ஒருத்தர் திட்டறார். நெஜமா? – வாசகர், கோயமுத்தூர்

பாதி நெஜம். 2016-ல இங்கிலாந்து பலசாலி எட்டி ஹால் 500 கிலோ டெட்லிஃப்ட் எடுத்தார், 2020-ல ஐஸ்லாந்து பலசாலி பியோர்ன்சன் 501 எடுத்தார், ரெண்டு பேர் கைலயும் ஸ்ட்ராப் இருந்துச்சு. அவங்க கையைப் பார்த்து சோம்பேறின்னு உங்க சீனியர் சொல்லட்டும் பாக்கலாம்! ஆனா அது ஸ்ட்ராங்மேன்ங்கற பலசாலிப் போட்டி உலகம். பவர்லிஃப்டிங் போட்டிலயும் ஒலிம்பிக் வெயிட்லிஃப்டிங் போட்டிலயும் ஸ்ட்ராப்புக்கு இடமே கிடையாது.

நான் பசங்களுக்குச் சொல்ற முறை இதுதான்: வார்ம்-அப் செட் எல்லாம் வெறும் கை, கனமான செட்டும் நழுவற வரைக்கும் வெறும் கை, நழுவ ஆரம்பிச்சதும் மிச்ச செட்டுக்கு ஸ்ட்ராப். அப்ப கைக்கும் அதோட பங்கு கிடைச்சுடும், முதுகும் கைக்காகக் காத்திருக்காது. முதல் ரோ செட்லேருந்தே ஸ்ட்ராப்பைச் சுத்திட்டு நிக்கறவனைத்தான் உங்க சீனியர் திட்டணும்.

ஒரு உள்ளங்கை உள்ள பாக்க, இன்னொண்ணு வெளிய பாக்கன்னு மாத்திப் பிடிக்கறது சிலருக்குப் பழக்கம். பிடி நல்லா நிக்கும்தான், ஆனா வெளிய பாக்கற கையோட முழங்கையை மடக்கிட்டு இழுத்தா பைசெப்ஸ் டெண்டன் அறுந்துபோற ஆபத்து இருக்கு. அந்தக் கை கயிறு மாதிரி நேரா இருக்கணும். ஆமா, சாக் போடறீங்களா? வியர்வைல நழுவறதை பலக்குறைன்னு நெனச்சு அழுதவங்க எத்தனையோ பேர். ஸ்கூல் போர்ட்ல எழுதற சாக்பீஸ் இல்ல, மெக்னீசியம் கார்பனேட், ஸ்போர்ட்ஸ் கடைல கட்டியாவே கிடைக்கும்.

காலேஜ் டீம்ல வெயிட்லிஃப்டிங் பண்றேன் மாஸ்டர். ஹூக் கிரிப்ல கட்டைவிரல் உயிர் போகுது. கோச் பழகிடும்கறார். எப்ப பழகும்? ராத்திரி எழுதவே முடியல. – வாசகி, வேலூர்

ஊரு வேலூர்னு போட்டிருக்கியேமா, 2014-லயும் 2018-லயும் காமன்வெல்த்ல தங்கம் எடுத்த சதீஷ் சிவலிங்கம் உங்க ஊர்க்காரர்தானே! அந்த மட்டத்துல ஸ்நாட்ச், அதாவது கம்பியை ஒரே வீச்சுல தலைக்கு மேல, தூக்கறவங்க கட்டைவிரலை கம்பியோட ஒட்ட வச்சு மேல ரெண்டு விரலால பூட்டறவங்கதான், அந்த ஹூக் கிரிப்பைத்தான் உனக்கும் சொல்லித் தர்றாங்க. வலி பெரும்பாலும் முதல் சில வாரம்தான், பழகிடும், கோச் சொல்றது சரி. ஆனா அதுக்கு வழி இருக்கு.

முதல்ல கம்பியைப் பாரு. பெண்களுக்கான பார் 15 கிலோ, 25 மில்லிமீட்டர் தடிமன். ஆண்களோடது 20 கிலோ, 28 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர்தானேன்னு தோணும், சின்னக் கைக்கு அது பெரிய வித்தியாசம். உங்க காலேஜ்ல இருக்கறது பழைய ஆண்கள் பார் மட்டும்தான்னா கட்டைவிரல் கத்தறதுல ஆச்சரியமே இல்ல. அடுத்தது, கட்டைவிரலை மூட்டுக்கு மேலயும் கீழயும் மடங்கற மாதிரி விட்டு, இழுபடற டேப்பா ஒட்டு, ஒட்டாத கட்டு துணி வேணாம். லேசான செட்ல ஹூக் வேணாம்னு விட்டுட்டு கனமா வர்றப்ப மட்டும் போட்டா பழகவே பழகாது, அதனால காலி பார்லேருந்தே போடு.

ஸ்நாட்ச் புல் மாதிரி வெறும் இழுக்கற பயிற்சிக்கு ஸ்ட்ராப் போட்டுக்கலாம், கட்டைவிரலுக்கு லீவு கிடைச்ச மாதிரி. கம்பியைத் தோளுக்குக் கொண்டுவர்ற க்ளீனுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், தவறிப்போய் முழங்கை தொடைல இடிச்சா கை கம்பிய விட்டு வராது, மணிக்கட்டு போயிடும்.

நீ கிரிப்பர் வாங்கவே வேணாம்மா. வாரத்துக்கு 5, 6 தடவை பார் பிடிக்கற கைக்கு அதுவே ஏகப்பட்டது. ராத்திரி எழுத முடியலன்னு சொன்னது வலியாலயா இல்ல மரத்துப் போறதாலயான்னு கவனி. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூணும் ராத்திரில மரத்துப்போய் கையை உதறி எழுந்திரிக்கறன்னா அது ஹூக் கிரிப் வலி இல்ல, மணிக்கட்டுல நரம்பு நசுங்கற விஷயம், டாக்டர்கிட்ட போயிடு.

கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ் கிரிப்பர்ல நம்பர் 1-ஐ முழுசா அமுக்கி மூடிட்டேன். நம்பர் 2 ஆறு மாசமா அசையவே இல்ல. – வாசகர், சென்னை

அசையாது சார். நம்பர் 1-ஐ மூட 140 பவுண்டு, அதாவது சுமார் 64 கிலோ. நம்பர் 2-க்கு 195 பவுண்டு, 88 கிலோ கிட்ட. படிக்கட்டுல ஒரு படி ஏறறதுன்னு நெனச்சு மாடிக்கே தாவறீங்க. நம்பர் 3-க்கு 280, நம்பர் 4-க்கு 365. அந்த நாலை முதல்ல முறைப்படி மூடினது 1998-ல ஜோ கின்னி, இத்தனை வருஷத்துல அவரைத் தொடர்ந்தவங்க விரல் விட்டு எண்ணலாம். நடுவுல ஒண்ணரைன்னு ஒரு கிரிப்பரும் இருக்கு, அதை வாங்குங்க. நம்பர் 2-வ ரெண்டு கையாலயும் மூடி, ஒரு கையை எடுத்துட்டு திறக்க விடாம 5 வினாடி தாங்குங்க, 4, 5 தடவை, வாரம் ரெண்டு நாள். தினமும் முயற்சி பண்ணிப் பாக்கறேன்னு ஆரம்பிக்காதீங்க, தினமும் முயற்சி பண்ணினவன் கதையை கீழ எழுதியிருக்கேன்.

முழங்கை உள்பக்கம் அந்த எலும்புக் குமிழ்ல வலி. புல்-அப், கிரிப்பர் ரெண்டும் பண்றேன். ஜிம்மை விட்டுடணுமா? – வாசகர், திருச்சி

விட வேணாம். உங்களுக்கு என் கதையைத்தான் சொல்லணும்.

பத்து வருஷம் முன்னாடி எனக்கும் கிரிப்பர் பைத்தியம் பிடிச்சுது. கல்லா மேசைல ஒண்ணு, வண்டி டேங்க் பைல ஒண்ணு, யாராச்சும் மெம்பர்ஷிப் ஃபீஸ் கட்ட வந்தா பேசிட்டே அமுக்குவேன். கூடவே வாரம் மூணு நாள் கனமான புல்-அப். மூணாவது மாசம் ஒரு காலைல தண்ணி சொம்பைத் தூக்கறேன், முழங்கை உள்பக்கம் சுளீர்னுச்சு. சொம்பு கைல நிக்கல, சமையல்கட்டு முழுக்க தண்ணி. வீட்டம்மா ஒண்ணும் பேசல, துடைக்கற துணியை எடுத்து என்கிட்ட நீட்டினாங்க. அதைப் பிழியறப்பதான் வலின்னா என்னன்னு முழுசா தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் நான் பண்ணினது ரெண்டாவது முட்டாள்தனம். ஒரு மாசம் எதையுமே தொடல. வலி போச்சு. உடனே பழைய எடைல போய் தொங்கினேன், ஒரே நாள்ல திரும்பி வந்துடுச்சு. சும்மா இருந்தா வலி அடங்கும், ஆனா டெண்டன் பலமாகாது, அதுக்கு அளவா வேலை குடுத்துட்டே இருக்கணும். இது எனக்கு லேட்டாதான் புரிஞ்சுது.

நீங்க அந்த ஒரு மாசத்தை வீணாக்காதீங்க. கிரிப்பரும், உள்ளங்கை முகத்தைப் பாக்கற புல்-அப்பும் இப்போதைக்கு கட். இழுக்கற பயிற்சிய உள்ளங்கை ஒண்ணையொண்ணு பாக்கற பிடில, ஸ்ட்ராப் போட்டு, எடையைப் பாதியாக்கி பண்ணுங்க. முன்கையைத் தொடை மேல வச்சு உள்ளங்கை மேல பாக்க 2, 3 கிலோ டம்பெல், மணிக்கட்டை மெதுவா கீழ இறக்குங்க, இறங்க மட்டும் 3, 4 வினாடி ஆகணும், மேல கொண்டுவர்றப்ப இன்னொரு கையால உதவி பண்ணிக்கோங்க. 15 தடவை, 3 செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி ரொம்ப இருந்தா அசைக்காம நடுவுல நிறுத்தி 30, 40 வினாடி பிடிச்சாலே போதும், ஆரம்பத்துல அது வலியையும் கொஞ்சம் தணிக்கும். செய்யறப்ப பத்துக்கு மூணு அளவு வலி இருந்தா பரவால்ல, மறுநாள் காலைல அதிகமாயிருந்தா மட்டும் எடையைக் குறைங்க. அந்த மறுநாள் காலைதான் உங்களுக்கு டாக்டர்.

கூடவே விரிக்கற பக்கத்தையும் பாருங்க, நாள் பூரா மடக்கற விரலை யாரும் விரிக்கறதே இல்ல. காய்கறிக் கட்டுல வர்ற ரப்பர் பேண்ட் நாலு சேத்து அஞ்சு விரல் மேலயும் மாட்டி விரிங்க, 20, 25 தடவை. இதை மட்டும் தினமும் செய்யலாம், டிவி பாத்துட்டே கூட.

8-லேருந்து 12 வாரம் ஆகும்னு மனசுல வச்சுக்கோங்க. எனக்கு நாலு மாசம் ஆச்சு, என் அவசரத்தால. ஊசி போட்டுக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க, தெரியும். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் அருமையா இருக்கும். வெளிப்பக்க வலியான டென்னிஸ் எல்போல பண்ணின ஆராய்ச்சிகள்ல ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ஊசி போட்டவங்கதான் பின்தங்கி இருந்திருக்காங்க. முடிவை எலும்பு டாக்டரோட பேசி எடுங்க. சுண்டுவிரல் மரத்துப் போனாலோ, எப்பவாச்சும் "டப்"னு சத்தம் கேட்டு வீங்கினாலோ மேல சொன்ன எதையும் பண்ணாம நேரா அவரைப் போய்ப் பாருங்க.

நான் கொத்தனார் வேலை பாக்கறேன் அண்ணே. சாயந்தரம் ஜிம்முக்குப் போனா கை வெறும் கைதான், புல்-அப்ல அஞ்சுக்கு மேல கம்பி நிக்கல. கைக்கு என்ன எக்சர்சைஸ்? – வாசகர், விழுப்புரம்

எதுவும் வேணாம்ப்பா! காலைலேருந்து கரண்டி, செங்கல், சிமெண்ட் பாண்டுன்னு 8 மணி நேரம் கிரிப் ட்ரெய்னிங் முடிச்சுட்டுதான் நீ ஜிம்முக்கே வர்ற. உக்காந்து வேலை பாக்கறவனுக்கு எழுதின அட்டவணையை ஜிம்ல உனக்கும் குடுத்திருப்பாங்க, அதான் பிரச்சனை. ஸ்ட்ராப் போட்டு முதுகுக்கு வேலை குடு, ஒரு வெக்கமும் இல்ல. கனமா இழுக்கற நாளை லீவு நாளுக்கு, இல்லன்னா பூச்சு வேலை இல்லாத நாளுக்கு மாத்து. ரப்பர் பேண்ட் விரிக்கறது மட்டும் ராத்திரில செய். சாப்பாட்டுல புரோட்டீன், உன் எடைக்கு ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கு பாத்துக்கோ, முட்டை, கொண்டைக்கடலை, மீன் எதுவானாலும் சரி. தூக்கம் 7 மணி நேரத்துக்குக் கீழ போனா புல்-அப் அஞ்சு நாலாகும்.

வொர்க்ஷாப்ல ஸ்பேனர் பிடிக்கறவங்க, ரெண்டு கைலயும் 20 லிட்டர் கேனை கழுத்தோட பிடிச்சு மாடி ஏத்தற தண்ணி கேன் தம்பிங்க, எல்லாருக்கும் இதே பதில்தான்.

அப்பாவுக்கு 63. ஊறுகாய் பாட்டில் மூடி திறக்க முடியலங்கறார். கிரிப்பர் வாங்கித் தரலாமா? பிபி மாத்திரை சாப்பிடறார். – வாசகி, மதுரை

வாங்கறதுக்கு முன்னாடி அவர் பிடியை ஒரு தடவை அளந்துடுங்கம்மா, பிசியோதெரபி செய்யற இடங்கள்ல பிடி பலம் அளக்கற டைனமோமீட்டர் இருக்கும். ஆசியக்காரங்களுக்கு 2019-ல போட்ட அளவுப்படி ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழ, பெண்களுக்கு 18-க்குக் கீழ இருந்தா பிடி பலம் குறைவு. 2015-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த ஒரு பெரிய ஆய்வு, இந்தியாவும் சேத்து 17 நாட்டுல சுமார் 1,40,000 பேர், அதுல பிடி 5 கிலோ குறைஞ்சா இறக்கற வாய்ப்பு 16 சதவீதம் கூடுதலா தெரிஞ்சுது. இதைப் படிச்சுட்டு கிரிப்பர் அமுக்கினா ஆயுசு கூடும்னு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. அப்படி இல்ல. பிடிங்கறது உடம்பு மொத்தத்தோட நெலமையக் காட்டற முள், முள்ளை மட்டும் கையால தள்ளி விட்டா வண்டில பெட்ரோல் ஏறாது.

அதனால அப்பாவை நாற்காலில உக்காந்து எழ வைங்க, ரெண்டு கைலயும் பையோட நடக்க வைங்க, பை கனம் மெதுவா ஏறட்டும். அதுலயே கையும் வந்துடும். மூச்சை அடக்கிட்டு எதையும் இறுக்கிப் பிடிக்க வேணாம், அந்த நேரத்துல பிபி ஏறும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அவர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை. சர்க்கரையும் இருக்குன்னா விரல் மடங்கி மாட்டிக்குதான்னு கேளுங்க, சர்க்கரைக்காரங்களுக்கு அது அதிகம் வரும், அதைப் பலக்குறைன்னு நெனச்சுட்டு இருப்பாங்க.

கர்லாக்கட்டை சுத்தினா கிரிப் வருமா? – வாசகர், கும்பகோணம்

வரும், மணிக்கட்டுக்கும் தோளுக்கும் இன்னும் நல்லா வரும். ஆனா அதையும் கணக்குல சேருங்க. காலைல கர்லா, சாயந்தரம் டெட்லிஃப்ட்னு ஒரே நாள்ல வச்சா சாயந்தரம் கம்பி நழுவும், அப்புறம் எனக்கு எழுதுவீங்க.

உள்ளங்கைல காய்ப்பு கிழிஞ்சு ரத்தம் வந்துடுச்சு. நாளைக்கு டெட்லிஃப்ட் நாள். – வாசகர், ஓசூர்

நாளைக்கு காலுக்கு ஸ்குவாட் பண்ணு. தொங்கற தோலை பிய்க்காம சுத்தமான கத்திரியால ஓரத்தை நறுக்கி, சோப்பு போட்டு கழுவி, மூடி வை. ஆறினதும் வாரத்துக்கு ஒரு தடவை குளிக்கறப்ப கால்ல தேய்க்கற கல்லால காய்ப்பை மட்டமாத் தேய்ச்சுடு, முழுசா எடுத்துடாத. கம்பியை உள்ளங்கை நடுவுல வச்சு மூடற, அதான் இழுக்கறப்ப தோல் மடிஞ்சு கிழியுது, விரல் ஆரம்பிக்கற இடத்துல வச்சுப் பிடி. நம்பாம நாளைக்கே போய் கிழிஞ்ச இடத்துல சாக் போட்டுப் பாத்தின்னா, ஜிம்ல அன்னிக்கு பாட்டு போட வேண்டிய அவசியமே இருக்காது.